திபிலீசியின் நான்காம் எண்

2024 மே மாதத்தின் இரண்டாம் வாரத்தில், மகள் மருத்துவம் படிக்கும் திபிலீசி நகரத்துக்குப் போயிருந்தேன். ஜார்ஜியாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய நம் பெற்றோர் பலருக்கும் அந்த நாடு கல்விக்கடன் விண்ணப்பத்தின் வழியாகத்தான் முதலில் அறிமுகமாகியிருக்கும். எனக்கு அப்படி இல்லை. மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த நாட்டில் எனக்கு ஒருவரைத் தெரியும்: இத்தாலியின் மிலான் அணிக்கு ஆடிய கால்பந்து வீரர், பின்னாளில் திபிலீசியின் மேயரான காஹா கலாட்ஸே. அவருக்கு என்னைத் தெரியாது என்பது வேறு விஷயம். சேர்க்கைக் கடிதம் வந்த அன்று, கட்டணம் எவ்வளவு, குளிர் எவ்வளவு என்று வீடே விசாரித்துக்கொண்டிருக்க, "அங்கே மேயர் யார் தெரியுமா?" என்று நான் கேட்டதை என் மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்த வாரம் ருஸ்தவேலி நிழற்சாலையில், நாடாளுமன்றத்தின் முன்னால், ஆயிரக்கணக்கானவர்கள் நாள்தோறும் கூடிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகள் தம்மைத் தனியாகப் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்னும் சட்டத்தை எதிர்த்த கூட்டம் அது. எங்களை ஏற்றிக்கொண்ட டாக்சி நேர்வழியில் போக முடியாமல் ஆற்றங்கரைச் சாலையைப் பிடித்துச் சுற்றியது. ஓட்டுநருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். பாதி ரஷ்ய மொழியிலும், கால்பங்கு ஆங்கிலத்திலும், மீதியை என் மகளின் அரைகுறை ஜார்ஜிய மொழியின் உதவியாலும் பேசிக்கொண்டு வந்தார். பேச்சு எங்கெங்கோ போய்க் கால்பந்தில் வந்து நின்றபோது, ரசிகனுக்கே உரிய அசட்டுப் பெருமையோடு, "உங்கள் மேயரை எனக்குத் தெரியும், மிலானில் நான்காம் எண் சட்டை" என்றேன்.

அவர் முன்கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஸ்டீரிங் மேல் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். சாலை போட்டார், சரி. பேருந்து விட்டார், அதுவும் சரி. டாக்சி எல்லாம் வெள்ளை நிறமாக இருக்க வேண்டும் என்றார், அடித்துக்கொண்டோம். இப்போது அந்தக் கட்சி செய்வதற்கெல்லாம் மேடையேறி நியாயம் பேசுகிறார். எண்ணுவதை அங்கே நிறுத்திவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் ஓட்டினார். பிறகு சொன்னார்: "திட்டுவதற்கு எனக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. ஆனால் அவரைப் பெற்ற அந்தத் தாய் ஐந்து வருடம் இன்னொரு மகனுக்காகக் காத்திருந்தாள். அதை நினைத்தால் எனக்கு வாய் வருவதில்லை. என் மகளுக்கு வருகிறது. அவள் அதற்குப் பிறகு பிறந்தவள்." ஆற்றுக்கு அந்தப் பக்கம், ருஸ்தவேலி இருந்த திசையை நோக்கிக் கையைக் காட்டி, "இப்போதும் அங்கேதான் நிற்கிறாள்" என்றார்.

இறங்கும்போது சில்லறையை வாங்க மறுத்துவிட்டார். அந்த வாக்கியத்தை அன்றிலிருந்து நான் பல கோணங்களில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். அது சரியா தவறா என்று என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. காரணம், அந்த ஓட்டுநருக்கு வராத வாய் எனக்கும் வருவதில்லை.

காக்காவும் காஹாவும்

காஹா கலாட்ஸே 1978இல் மேற்கு ஜார்ஜியாவின் சம்த்ரேதியா என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தையும் அவ்வூர் அணிக்கு ஆடியவர். பதினைந்து வயதில் திபிலீசி டைனமோவுக்கு வந்து, இருபது வயதில் உக்ரைனின் கீவ் டைனமோவுக்குப் போனார். அங்கே வலேரி லோபனோவ்ஸ்கி என்ற கண்டிப்பான பயிற்சியாளரின் கீழ், 1999இல், ஐரோப்பாவின் முன்னணிக் கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதிவரை போன அணியில் இருந்தார். அதே அணியின் ஆந்திரி ஷெவ்சென்கோ மிலானுக்குப் போக, 2001 ஜனவரியில் இவரும் பின்தொடர்ந்தார். பத்தாண்டு அங்கேயே ஆடினார். இரண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள், 2003இலும் 2007இலும்.

எங்கள் வீட்டில் கேபிள் இணைப்பு வந்த புதிதில், நள்ளிரவு தாண்டி ஆரம்பிக்கும் அந்த ஆட்டங்களை ஒலியைக் குறைத்துவைத்துக்கொண்டு பார்ப்பேன். பிறகு பிரேசிலின் காக்காவும் மிலானுக்கு வந்து சேர, நேர்முக வர்ணனையாளர் காக்கா, காஹா என்று மாறி மாறிச் சொல்வதைக் கேட்டுத் தூக்கம் கலைந்த என் அம்மா, "இந்த நேரத்தில் யாருடா இத்தனை காக்காவைக் கூப்பிடுகிறான், இன்றைக்கு அமாவாசைகூட இல்லையே" என்று கேட்டது எங்கள் வீட்டில் நிலைத்துவிட்ட நகைச்சுவை. எல்லாரும் அந்தக் காக்காவைப் பார்த்தார்கள். நான் இந்தக் காஹாவைப் பார்த்தேன். மால்தினி நடுவில் ஆட வேண்டுமென்றால் இவர் இடப்பக்கம் போவார்; நெஸ்தாவுக்குக் காயம் என்றால் இவர் நடுவுக்கு வருவார். எந்த இடத்தில் ஓட்டை விழுந்தாலும் இட்டு நிரப்புகிற ஆள். அலுவலகங்களில் அப்படி ஒருவர் இருப்பார். அவர் விடுப்பு எடுத்தால்தான் அவருடைய அருமை தெரியும். நானும் என் அலுவலகத்தில் அப்படிப்பட்டவன் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

2001 மே 23ஆம் தேதி, அவர் மிலானுக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், ஜார்ஜியாவில் அவருடைய தம்பி லேவான் கடத்தப்பட்டார். அண்ணன் இத்தாலியில் சம்பாதிக்கும் பணமே தம்பிக்கு வினையாயிற்று. கடத்தியவர்கள் பணம் கேட்டார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்தபின் உள்நாட்டுப் போர், ஆயுதக் குழுக்கள், நாள்கணக்கில் இல்லாத மின்சாரம் என்று பத்தாண்டுகள் சிதறிக் கிடந்த நாடு அது. யார் காவலர், யார் கொள்ளையர் என்று மக்கள் பிரித்தறிய முடியாத காலத்தின் கடைசிப் பகுதி. தம்பி திரும்பவே இல்லை. பின்னாட்களில் ஸ்வானேத்தி மலைப்பகுதியில் கண்டெடுக்கப்பட்ட உடல்களில் ஒன்று லேவானுடையது என்பது, அமெரிக்கப் புலனாய்வுத் துறையினரின் உதவியோடு, 2006 பிப்ரவரியில்தான் உறுதியாயிற்று. ஓட்டுநர் சொன்ன ஐந்து வருடம் அதுதான்.

இந்தத் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று தென்படும். 2003 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் மான்செஸ்டரில் மே 28ஆம் தேதி நடந்தது. தம்பி காணாமற்போய் இரண்டு ஆண்டும் ஐந்து நாளும் ஆகியிருந்தன. இடப்பக்கத் தடுப்பில் ஆடிய கலாட்ஸே, கோல் விழாத நூற்றிருபது நிமிடத்துக்குப் பிறகு, பெனால்டி அடிக்க மிலானின் மூன்றாம் ஆளாக நடந்து போனார். எதிரணியின் கோல்காவலர் பூஃபோன் தடுத்துவிட்டார். பின்னால் வந்த நெஸ்தாவும் ஷெவ்சென்கோவும் அடித்ததால் மிலான் வென்றது; இவருடைய தவறு வெற்றிக்கு அடியில் மறைந்துபோயிற்று. தம்பியின் செய்தியை அன்று நான் அறிந்திருக்கவில்லை. சில மாதம் கழித்து ஏதோ ஒரு பத்திரிகையில் படித்தபோது, அந்தப் பெனால்டிக்கு நடந்துபோன நடையை மனத்துக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அப்போது தொடங்கியது இந்தப் பாசம். ஆட்டத்திறனை வைத்து வந்த பாசம் இல்லை என்பதால், ஆட்டம் முடிந்தபிறகும் அது முடியவில்லை.

சேம்சைடு கோல்

2009 செப்டம்பர் 5. உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றில் ஜார்ஜியா சொந்த மண்ணில் இத்தாலியை எதிர்கொண்டது. இத்தாலி அப்போதைய உலகச் சாம்பியன். ஓராண்டுக்கு முன்புதான் ரஷ்யாவுடனான போர் நடந்திருந்தது. அந்தப் போரினால் திபிலீசியில் நடக்க வேண்டிய அயர்லாந்துடனான ஆட்டத்தைக்கூட ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. எனவே அன்று சொந்த அரங்கில் இத்தாலியை வரவேற்பதே அந்த மக்களுக்கு ஒரு திருவிழாவாக இருந்திருக்கும். முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் இத்தாலி இரண்டு கோலுக்கு வென்றது. அந்த இரண்டையும் போட்டவர் கலாட்ஸே. தன் வலையிலேயே, சுமார் பத்து நிமிட இடைவெளியில்.

நம் தெருவில் இதைச் சேம்சைடு கோல் என்போம். சிறுவயதில் சேம்சைடு கோல் போட்டவனை அன்று மாலை வீடுவரை கேலிசெய்து துரத்துவோம். ஒரு தடுப்பாட்டக்காரனின் பணியே, கோலை நோக்கி வருவதன் முன்னால் உடம்பைக் கொண்டுபோய் வைப்பதுதான். பந்து எதில் பட்டு எங்கே திரும்பும் என்பது அவன் கையில் இல்லை. ஆபத்து வரும்போது அங்கே இல்லாதவன் சேம்சைடு கோல் போடவே முடியாது. இத்தனையும் அறிந்திருந்தும், மறுநாள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் அந்தச் சிறு பத்தியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. தேசிய அணிக்காக எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடி ஒரேயொரு கோல் போட்டவர் அவர். தன் நாட்டுக்கு எதிராகப் போட்டது அதைவிட ஒன்று அதிகம்.

அவர் அதன்பிறகும் தேசிய அணிக்கு ஆட வந்தார், 2011வரை. அதுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது. உலகமே பார்த்துச் சிரித்த இரவுக்குப் பிறகும் அதே அரங்கில், அதே மக்கள் முன்னால், அதே வேலைக்குத் திரும்பி வருவதற்கு ஒரு தனி உரம் வேண்டும். பொதுவாழ்வுக்கு வருகிறவனுக்கு இதைவிட நல்ல பயிற்சி எது என்று அன்று நான் நண்பர்களிடம் வாதிட்டதுண்டு. அவர் அரசியலுக்கு வரப்போகிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். என் ஆரூடங்கள் பலிப்பது இப்படித்தான், நான் விரும்பாத விதத்தில்.

உரிமையாளர் கட்சி தொடங்கினால்

விளையாட்டு வீரர்கள் புகழை முதலீடாக்கி அரசியலுக்கு வருகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கலாட்ஸே விஷயத்தில் அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. அவர் பத்தாண்டு வேலைபார்த்த இடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மிலானின் அன்றைய உரிமையாளர் சில்வியோ பெர்லுஸ்கோனி. 1986இல் அந்தக் கால்பந்துக் கழகத்தை வாங்கி, 1994 ஜனவரியில் "களத்தில் இறங்குகிறேன்" என்று கால்பந்துச் சொல்லையே எடுத்து அரசியலுக்கு வந்தவர். அவருடைய கட்சியின் பெயரே இத்தாலிய அணியை உற்சாகப்படுத்த அரங்கில் எழும் கூவல்தான். கலாட்ஸே மிலானில் இருந்த காலத்தின் பெரும்பகுதியில் அவருடைய முதலாளி நாட்டின் பிரதமராகவும் இருந்தார். கழகத்துக்கும் கட்சிக்கும் ஆட்சிக்கும் இடையே கதவே இல்லாத வீடு அது. அந்த வீட்டில் இருபத்திரண்டு வயதிலிருந்து முப்பத்திரண்டு வயதுவரை வாழ்ந்த ஒருவருக்கு, ஒரு கோடீஸ்வரர் கட்சி தொடங்கி அழைத்தால் அது விபரீதமாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

அப்படித்தான் நடந்தது. ரஷ்யாவில் பெருஞ்செல்வம் ஈட்டித் திரும்பிய பிட்ஸினா இவானிஷ்விலி, 'ஜார்ஜியக் கனவு' என்ற கட்சியைத் தொடங்கினார். 2012இன் தொடக்கத்தில் கலாட்ஸே அதில் சேர்ந்தார். ஜெனோவா அணியோடு தன் ஆட்ட வாழ்வையும் அந்த ஆண்டே முடித்துக்கொண்டார். அக்டோபர் 1ஆம் தேதித் தேர்தலில் கட்சி வென்றது. சுதந்திர ஜார்ஜியாவில் வாக்குச்சீட்டின் மூலம் அமைதியாக ஆட்சி மாறியது அதுவே முதல் முறை. அந்த மாதமே கலாட்ஸே துணைப் பிரதமராகவும் எரிசக்தி அமைச்சராகவும் ஆனார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பதின்பருவத்தைக் கழித்த தலைமுறையின் பையனிடம் மின்சாரத்தை ஒப்படைத்தார்கள். ஆட்டக்காலத்திலேயே முதலீட்டு நிறுவனம் நடத்தியவர் என்பதால், அவருடைய பங்குகளுக்கும் பதவிக்கும் உள்ள முரண் பற்றிக் கேள்விகள் எழுந்தன. என் நண்பர் ஒருவர் அதை அனுப்பி, "உன் ஆளைப் பார்" என்றார். நான் படித்துவிட்டு, படிக்காததுபோல இருந்துவிட்டேன்.

அதே அக்டோபர் மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. கீவிலும் மிலானிலும் அவரோடு ஆடிய ஷெவ்சென்கோ, உக்ரைனில் ஒரு சிறு கட்சியில் சேர்ந்து 28ஆம் தேதித் தேர்தலைச் சந்தித்தார். கலாட்ஸேயைவிடப் பன்மடங்கு புகழ் பெற்றவர். ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர். அந்தக் கட்சிக்குக் கிடைத்தது இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. ஓரிடமும் இல்லை. புகழ்தான் காரணம் என்றால் கணக்கு தலைகீழாக அல்லவா வந்திருக்க வேண்டும்? ஷெவ்சென்கோவை உக்ரைன் மக்கள் கொண்டாடினார்கள். கலாட்ஸேயோடு ஜார்ஜிய மக்கள் ஐந்து வருடம் துக்கம் காத்தார்கள். கொண்டாட்டம் வாக்குச்சாவடிவரை வருவதில்லைபோலும், துக்கம் வருகிறது. ஓட்டுநரின் வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் போட்ட கணக்கு இது. அரசியல் அறிஞர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று தெரியாது. கோடீஸ்வரரின் பணமும் அன்றைய ஆட்சிமீது மக்களுக்கிருந்த வெறுப்பும் இந்தக் கணக்கில் வரவில்லை என்பார்கள். உண்மைதான், வரவில்லை.

2017இல் அவர் திபிலீசி மேயர் தேர்தலில் நின்றார். மிலானில் முதுகில் 4. கட்சியின் வாக்குச்சீட்டு எண் 41. முதல் சுற்றிலேயே ஐம்பத்தொரு விழுக்காடு பெற்று வென்றார். நாட்டு மக்களில் மூன்றில் ஒருவர் வாழும் நகரம் அது. அதன் மேயர் பதவி உள்ளாட்சிப் பதவி என்ற பெயரில் இருக்கும் ஒரு சிறு பிரதமர் பதவி. நான் நடந்து திரிந்த பத்து நாளில் பார்த்ததைச் சொன்னால், அந்த நகரத்தில் வேலை நடந்திருக்கிறது. சாவ்சவாட்ஸே நிழற்சாலையில் பேருந்துக்கென்று தனித்தடம் போட்டிருக்கிறார்கள். அதில் வேறு வண்டி நுழைவதில்லை என்பதை நின்று பார்த்து உறுதிசெய்துகொண்டேன். நம் ஊர்க்காரனுக்கு அது ஒரு காட்சிப்பொருள். உரிமமும் ஒழுங்கும் இல்லாமல் கிடந்த டாக்சிகளை ஒரு வரிசைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று நிறுத்தத்துப் பலகை சொல்கிறது, சொன்னபடி வருகிறது. ஓட்டை விழுந்த இடத்தில் இட்டு நிரப்பும் ஆள் மேயரானால் எப்படி இருக்குமோ அப்படி.

கோடு உடையக் கூடாது

அவர் நல்ல மேயரா என்ற கேள்வியோடு நின்றிருந்தால் எனக்குத் தூக்கம் கெட்டிருக்காது. அவர் கட்சியின் பொதுச்செயலாளரும்கூட. நகரத்தில் பாதிப்பேர் ஒரு பக்கமும் பாதிப்பேர் மறுபக்கமும் நிற்கையில், மேயர் ஒரு பக்கத்தின் ஒலிபெருக்கியாகவும் இருந்தார். 2021 பிப்ரவரியில் எதிர்க்கட்சித் தலைவர் நிகா மெலியாவை அவருடைய கட்சி அலுவலகத்துக்குள் புகுந்து காவல்துறை கைதுசெய்தது. அந்தக் கைதுக்கு உடன்படாமல் ஆளுங்கட்சியின் பிரதமரே பதவி விலகினார். பிணையில் வெளிவந்த மெலியா அந்த ஆண்டு மேயர் தேர்தலில் கலாட்ஸேயை எதிர்த்து நின்றார். கலாட்ஸே முதல் சுற்றில் பாதி வாக்கை எட்டவில்லை. இரண்டாம் சுற்றில் சுமார் ஐம்பத்தைந்து விழுக்காடு பெற்று வென்றார். பிரதமரால் ஜீரணிக்க முடியாதது இவருக்கு ஜீரணமாயிற்று. 2024இல் வெளிநாட்டு நிதி பற்றிய அந்தச் சட்டம் வந்தபோதும், மே 14 அன்று 84 வாக்குகளில் அது நிறைவேறியபோதும், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சை 2028 முடியும்வரை எடுக்கப்போவதில்லை என்று அந்த ஆண்டு நவம்பரில் அரசு அறிவித்து ருஸ்தவேலி மறுபடி பற்றிக்கொண்டபோதும், ஒவ்வொன்றுக்கும் கட்சியின் தரப்பை எடுத்துச்சொல்ல அவர் வந்து நின்றார்.

நான் அவரைப் புரிந்துகொள்ளப் பழைய ஆட்டங்களுக்குத்தான் போனேன். எனக்கு வேறு வழி தெரியாது. மிலானின் தடுப்பு வரிசையை நினைவிருப்பவர்களுக்கு அந்தக் கோடும் நினைவிருக்கும். எதிரணி பந்தை முன்னால் அனுப்பப்போகும் கணத்தில் நான்கு பேரும் ஒரே அடியாக முன்னேறுவார்கள். எதிரணியின் முன்கள வீரன் ஆஃப்சைடில், அதாவது தடுப்பு வரிசையைத் தாண்டி, பந்தை வாங்கக் கூடாத இடத்தில், தனித்து நிற்பான். நால்வரில் ஒருவன் அரை அடி தயங்கினால் போதும், மொத்தப் பொறியும் பாழ். அதனால் அந்த இடத்தில் ஆடுகிறவனுக்குச் சிறுவயதிலேயே ஒன்று எலும்பில் ஏறிவிடுகிறது: கோடு நகர்ந்தால் நகர வேண்டும், நகர்வது சரியா என்று யோசிக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவன் செய்த பிழைக்கு நீ ஓடிப்போய் உடம்பைக் கொடுக்க வேண்டும், அவனைப் பார்த்துக் கையை விரிக்கக் கூடாது. இதற்காகத்தானே நான் அவரை நேசித்தேன்? முன்கள வீரர்களின் தன்முனைப்பைப் பார்த்துச் சலித்தவனுக்கு, இந்தத் தன்னை மறைத்துக்கொள்ளும் விசுவாசம் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. அதே விசுவாசம்தான் இப்போது மேடையில் நிற்கிறது. குணம் மாறிவிட்டது என்று நான் குறைசொல்ல வழியில்லை. மாறவே இல்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

இதைச் சொன்னபோது என் மகள், "அப்படியென்றால் கோல் அடிப்பவர்கள் எல்லாம் அரசியலில் நேர்மையாக இருப்பார்களாப்பா?" என்று கேட்டாள். கேள்வி நியாயம். எனக்குச் சாதகமாக ஓர் ஆள் இருந்தார்: மிலானில் இவருக்கு முன்பு ஆடிய ஜார்ஜ் வேயா, லைபீரியாவின் அதிபராகி, 2023 நவம்பரில் முழு முடிவுகள் வருமுன்பே தோல்வியை ஒப்புக்கொண்டு எதிராளியை வாழ்த்தியவர். ஆனால் என் கோட்பாட்டைக் கவிழ்க்க ஜார்ஜியாவே ஓர் ஆளை அனுப்பிவைத்தது. 1996இல் மான்செஸ்டர் சிட்டிக்காக முதல் ஆட்டத்திலேயே யுனைடெட்டுக்கு எதிராகக் கோல் அடித்த மிகெயில் கவெலாஷ்விலி, பச்சையான முன்கள வீரர், 2024 டிசம்பர் 14ஆம் தேதி ஜார்ஜியாவின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மக்கள் வாக்களிக்கவில்லை, 300 பேர் கொண்ட தேர்வுக்குழு, ஒரே ஒரு வேட்பாளர், 224 வாக்குகள். வெளியே உறைபனியில் நின்ற இளைஞர்கள் நாடாளுமன்றத்தின் முன்னால் பந்து உதைத்து விளையாடினார்கள். சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். மகள் அனுப்பிய காணொளியில் அந்தப் பந்து படிக்கட்டில் மோதி மோதித் திரும்புவதைப் பலமுறை பார்த்தேன். கால்பந்தைக் கேலிப்பொருளாக ஏந்தி ஒரு தலைமுறை தெருவுக்கு வந்திருந்தது. அவர்களில் ஓட்டுநரின் மகளும் இருந்திருக்கலாம்.

அதே மாதம் உக்ரைன், ஜார்ஜிய ஆட்சியாளர்கள் சிலர்மீது தடை விதித்தது. பட்டியலில் கலாட்ஸேயின் பெயரும் இருந்தது. இருபது வயதுப் பையனாக அவரை வரவேற்று, ஐரோப்பிய அரையிறுதிவரை அழைத்துச்சென்ற நாடு. கீவில் லோபனோவ்ஸ்கியின் சிலை அமர்ந்த நிலையில், ஆட்டக்காரர்களின் இருக்கையிலிருந்து களத்தைப் பார்ப்பதுபோல இருக்கும். அதைப் படத்தில் பார்த்திருக்கிறேன். ஏனோ அது அன்று நினைவுக்கு வந்தது.

ஓட்டுநரிடமே திரும்பி வருகிறேன். துயரத்தைப் பகிர்ந்துகொண்ட ஒருவர்மீது மக்கள் வைக்கும் கடன் ஒன்று உண்டு. அதற்குத் தவணையோ காலக்கெடுவோ கிடையாது என்று அந்த மனிதர் நம்பினார். அவருடைய மகளுக்கு அப்படி ஒரு கடன் இருப்பதே தெரியாது. அவளுக்குத் தெரிந்தவர் மேயர் மட்டும்தான். தம்பியை இழந்த அண்ணனையோ, மான்செஸ்டரில் பெனால்டி அடிக்க நடந்துபோனவரையோ, தன் வலையில் பந்தைப் போட்டுவிட்டும் மறுபடி ஆட வந்தவரையோ அவள் அறியமாட்டாள். அறியாததால் அவள் தெளிவாக இருக்கிறாள் என்று சில நாள் எனக்குத் தோன்றும். சில நாள், தகப்பன் சொல்லாமல் விட்டதன் விளைவு என்று தோன்றும். பிறகு, சட்டமும் காவலும் இல்லாத நாட்டில் தம்பியைப் பறிகொடுத்தவருக்குச் சட்டத்தையும் காவலையும் பற்றித் தெருவில் நிற்கும் பிள்ளைகளின் கேள்வி எல்லாரையும்விட முதலில் புரிந்திருக்க வேண்டாமா என்று ஒரு கோபம் வரும். வந்த வேகத்தில் அந்தத் தாய் நினைவுக்கு வந்துவிடுவாள்.

2025 அக்டோபர் 4ஆம் தேதி உள்ளாட்சித் தேர்தல். எதிர்க்கட்சிகளில் பல புறக்கணித்தன. அன்று மாலை போராட்டக்காரர்களில் ஒரு பகுதியினர் அதிபர் மாளிகைக்குள் நுழைய முயல, காவல்துறை தண்ணீரையும் கண்ணீர்ப்புகையையும் பாய்ச்சியது. ஒரு முன்னாள் கால்பந்து வீரரின் மாளிகை வாசலில் அது நடந்துகொண்டிருந்த வேளையில், இன்னொருவருடைய வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இரவு மகள் அழைத்தாள். விடுதியில் எல்லாரையும் அறையிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்களாம்.

"உங்க ஆளு ஜெயிச்சிட்டார்பா. எழுபது பர்சென்ட்டுக்கு மேல."

அவர் என் ஆள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மறுமுனையில் எங்கோ சைரன் ஒலித்து அடங்கியது. ஜன்னலைச் சாத்திவிட்டாயா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.